மலைக் கொரில்லா பார்க்க உகாண்டா போகிறீர்களா? பெர்மிட்டிலிருந்து தொடங்குங்கள்

நானும் தம்பியும் உகாண்டாவின் புவிண்டி காட்டுக்குப் போயிருந்தோம். எங்கள் விடுதி காட்டின் வடக்குப் பக்கம். எங்கள் பெர்மிட்டோ (கொரில்லாவைப் பார்க்கக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு) தெற்குப் பக்கத்துக்கு. இது எங்களுக்குத் தெரிந்தது முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு. விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, மழையில் வழுக்கும் மண் சாலையில் மலையைச் சுற்றிக்கொண்டு போய், கிளம்புவதற்கு முன் விதிகளைச் சொல்லும் காலைக் கூட்டம் முடிகிற நேரத்தில் சேர்ந்தோம். இன்னும் இருபது நிமிடம் தாமதமாகியிருந்தால் இரண்டு பேருக்குமாக 1,600 டாலர் கண் முன்னே போயிருக்கும். அந்த மலைச் சாலையில் இருட்டில் வண்டி ஓட்டுவது பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து.

நாங்கள் செய்த வரிசை: விமான டிக்கெட், விடுதி, கடைசியில் பெர்மிட். செய்திருக்க வேண்டிய வரிசை: பெர்மிட், தடுப்பூசி, விமான டிக்கெட், விசா, அப்புறம்தான் விடுதி. கீழே அந்தச் சரியான வரிசையில் எழுதுகிறேன்.

1. எந்த நாடு என்று முடிவெடுங்கள்

மலைக் கொரில்லாக்கள் எந்த உயிரியல் பூங்காவிலும் இல்லை. பூங்காக்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் மேற்குத் தாழ்நிலக் கொரில்லா. மலைக் கொரில்லா இருப்பது இரண்டே இடங்களில்: உகாண்டாவின் புவிண்டி காடும் அதை ஒட்டிய காங்கோ காடும் ஒன்று, உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூன்றும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடர் இன்னொன்று. கணக்கெடுப்பில் இரண்டும் சேர்த்து வந்த எண்ணிக்கை 1,063.

காங்கோ பக்கம் பாதுகாப்பு நிலவரம் சரியில்லை, அதை விட்டுவிடுங்கள். ருவாண்டாவில் பெர்மிட் 1,500 டாலர். கிகாலி விமான நிலையத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் காட்டின் வாசலுக்குப் போய்விடலாம். உகாண்டாவில் வெளிநாட்டவருக்கு 2024 ஜூலையிலிருந்து 800 டாலர். ஆனால் எண்டெபே விமான நிலையத்திலிருந்து புவிண்டிக்குச் சாலை வழியே எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவழி ஒன்று உண்டு. கிகாலியில் இறங்கி, கட்டுனா எல்லையைக் கடந்து, புவிண்டியின் தெற்குப் பக்கத்துக்கு நான்கைந்து மணி நேரத்தில் சேரலாம். பெர்மிட் விலை உகாண்டாவுடையது, பயண நேரம் ஏறக்குறைய பாதி. எனக்கு இதுதான் நல்ல வழியாகப் படுகிறது. எல்லையில் ஒரு மணி நேரம் நிற்கத் தயாராக இருங்கள்.

குடும்பமாகப் போகிறவர்கள் இதை முதலில் பாருங்கள்: 15 வயது நிரம்பாத பிள்ளைகளை இரண்டு நாட்டிலுமே கொரில்லாவிடம் அழைத்துப் போக மாட்டார்கள். கெஞ்சிப் பயனில்லை, பாஸ்போர்ட்டில் பிறந்த தேதியைப் பார்ப்பார்கள்.

2. பெர்மிட்: நான்கு பெயர்களை மனப்பாடம் செய்யுங்கள்

பெர்மிட் கொடுப்பது உகாண்டா வனவிலங்கு ஆணையம். பெரும்பாலானவர்கள் அங்கே பதிவு பெற்ற சுற்றுலா நிறுவனம் வழியாகவே வாங்குகிறார்கள். மனிதர்களுக்குப் பழக்கப்படுத்தப்பட்ட ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர்தான் பார்க்கலாம். அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த மாதங்களுக்கு ஐந்தாறு மாதம் முன்னாலேயே கேளுங்கள்.

இப்போது எங்களைச் சிக்க வைத்த விஷயம். புவிண்டியில் கொரில்லா பார்க்கக் கிளம்பும் பிரிவுகள் நான்கு: புஹோமா, ருஹிஜா, ருஷாகா, என்குரிங்கோ. பெர்மிட் ‘புவிண்டி’க்குக் கிடைப்பதில்லை, இந்த நான்கில் ஒன்றுக்குத்தான் கிடைக்கும். காட்டின் பரப்பு 320 சதுர கிலோமீட்டர் அளவுதான். வரைபடத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். ஆனால் சாலைகள் மலைகளைச் சுற்றிச் சுற்றிப் போகின்றன. புஹோமாவிலிருந்து ருஷாகாவுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மழை பெய்தால் எவ்வளவு என்று ஓட்டுநராலேயே சொல்ல முடியாது. காலை எட்டு மணிக்குள் உங்கள் பிரிவின் அலுவலகத்தில் நிற்க வேண்டும் என்பதால், தங்குவதும் அதே பிரிவில்தான் இருக்க வேண்டும்.

எங்கள் முகவர் இதைச் சொல்லவில்லை. விடுதியை நாங்களே எடுத்ததால் அவருக்குத் தெரியாது. பெர்மிட்டை அவர் எடுத்ததால் எங்களுக்குத் தெரியாது. அவர் அனுப்பிய பெர்மிட் நகலில் ருஷாகா என்று தெளிவாகவே அச்சடித்திருந்தது. நாங்கள் பெயரையும் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ருஷாகாவில் கொரில்லாக் குடும்பங்கள் அதிகம், அதனால் பெர்மிட் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். கிகாலியிலிருந்து வருபவர்களுக்கு வசதி. புஹோமா வடக்கே இருக்கிறது, சுற்றுலாவுக்கு முதலில் திறந்த பகுதி, விடுதிகள் நிறைய. ருஹிஜா உயரமானது, குளிர் கடிக்கும். என்குரிங்கோ செங்குத்தான இறக்கமும் ஏற்றமும் கொண்டது, முழங்கால் வலி உள்ளவர்கள் தவிர்க்கலாம். ஆனால் எந்தப் பிரிவிலும் ‘சுலபமான நடை’ என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். கொரில்லா அன்றைக்கு எங்கே போகிறதோ அங்கேதான் நீங்களும் போக வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: எந்தப் பிரிவு, எந்தத் தேதி, பெர்மிட் நகல் எத்தனை நாளில் வரும், தேதி மாற்றினால் எவ்வளவு பிடிப்பார்கள். நகல் வந்ததும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் பாஸ்போர்ட் எண்ணையும் ஒத்துப் பாருங்கள். நம் பெயர்களில் தலைப்பெழுத்தும் அப்பா பெயரும் இடம் மாறிப் போவது சகஜம். அதை வீட்டிலிருந்தபடி திருத்துவது ஒரு மின்னஞ்சல் வேலை. காட்டு வாசலில் நின்றுகொண்டு திருத்துவது அப்படியல்ல.

பணம் கட்டியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே நகலைத் தராமல் இழுத்தடித்தால், பெர்மிட் இன்னும் வாங்கப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ருஷாகா பக்கம் நான்கு மணி நேரம் கொரில்லாக்களோடு இருக்கும் தனிப் பெர்மிட்டும் உண்டு. இன்னும் முழுதாகப் பழகாத குடும்பத்தோடு ஆராய்ச்சியாளர்களுடன் போவது அது. விலை மிக அதிகம், நடையும் அதிகம். முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு மணி நேரப் பெர்மிட்டே போதும் என்பது என் கருத்து.

3. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: பத்து நாள் கணக்கு

இது மஞ்சள் காமாலை அல்ல, வேறு நோய். கொசுவால் பரவுவது. உகாண்டாவுக்குள் நுழைய இந்தத் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். விசா விண்ணப்பத்திலும் அதைப் பதிவேற்றச் சொல்கிறார்கள், ஆகவே இது விசாவுக்கு முந்தைய வேலை.

சான்றிதழ் ஊசி போட்ட அன்றைக்கே கைக்கு வந்துவிடும். ஆனால் அது செல்லுபடியாகத் தொடங்குவது பத்து நாள் கழித்துத்தான். எங்கள் குழுவில் வந்த ஒருவர் இந்தக் கணக்கு தெரியாமல் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் போட்டுக்கொண்டு, விமான டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், அதனால் சீக்கிரம் போடுவதில் நஷ்டமே இல்லை.

எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருப்பதால், பல மையங்களில் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் ஆள் சேர்த்துப் போடுகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு, பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். 60 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. எங்கள் அம்மாவும் வருவதாக இருந்து, மருத்துவர் வேண்டாம் என்றதால் நின்றுகொண்டார். பெர்மிட் வாங்குவதற்கு முன்பே அவரிடம் கேட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உகாண்டாவிலிருந்து வருபவரிடம் இந்தச் சான்றிதழ் அட்டை இல்லையென்றால் விமான நிலையத்திலேயே நிறுத்தி, ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. அட்டையைப் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் போடாதீர்கள்.

உகாண்டாவில் மலேரியாவும் உண்டு. அதற்கு நம்மைப் போன்ற பயணிகளுக்கு ஊசி இல்லை, மாத்திரைதான். சிலவற்றைப் பயணத்துக்கு முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் தொடர வேண்டும். தடுப்பூசிக்குப் போகும்போதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

4. விசா

உகாண்டாவுக்கு மட்டும் போகிறீர்கள் என்றால் இணையத்தில் விண்ணப்பிக்கும் சுற்றுலா விசா 50 டாலர், கூடவே சிறு சேவைக் கட்டணம். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், புகைப்படம், மஞ்சள் காய்ச்சல் அட்டை ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். சில நாளில் வந்துவிடும் என்றாலும் மூன்று வாரம் முன்னால் போட்டுவிடுங்கள்.

கிகாலி வழியாகப் போகிறவர்களுக்குக் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா பொருந்தும். 100 டாலர், 90 நாள். உகாண்டா, ருவாண்டா, கென்யா மூன்றுக்குள்ளும் போய் வரலாம். ஆனால் எந்த நாடு அதைக் கொடுத்ததோ அந்த நாட்டில்தான் முதலில் நுழைய வேண்டும். கிகாலியில் இறங்குபவர் ருவாண்டாவிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். உகாண்டா தளத்தில் விண்ணப்பித்துவிட்டுக் கிகாலியில் இறங்கினால் அங்கேயே சிக்கல். ருவாண்டாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது, துணிப் பையில் கட்டிக்கொள்ளுங்கள்.

5. பணம்: தாளின் ஆண்டைப் பாருங்கள்

பெர்மிட் 800, விசா 50 அல்லது 100. இவை மாறாதவை. வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து எங்களுக்கு ஒரு நாளைக்கு 100 டாலருக்குக் கொஞ்சம் மேலே ஆனது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருக்கட்டும், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். எண்டெபேயிலிருந்து கிசோரோவுக்கும் கிஹிஹிக்கும் சிறு விமானங்கள் உண்டு. தெற்குப் பிரிவுகளுக்குக் கிசோரோ, புஹோமாவுக்குக் கிஹிஹி. அதில் பெட்டிக்கு எடை வரம்பு கண்டிப்பு.

டாலர் தாள் எடுத்துப் போகும்போது அச்சான ஆண்டைப் பாருங்கள். 2009-க்கு முந்தைய தாள்களையும், கிழிந்த, எழுதிய தாள்களையும் வாங்க மாட்டார்கள். சிறிய தாள்களுக்கு மாற்று விகிதம் குறைவு. நூறு டாலர் தாள்களை நகரத்தில் உகாண்டா ஷில்லிங்காக மாற்றிக்கொண்டு போங்கள். காட்டுப் பக்கம் அட்டை தேய்க்கும் இயந்திரத்தை நம்ப முடியாது.

பயணக் காப்பீடு எடுக்கும்போது, காட்டிலிருந்து ஆளைத் தூக்கிக்கொண்டு வந்து பெரிய மருத்துவமனையில் சேர்க்கும் செலவு அதில் அடங்குமா என்று கேளுங்கள். மலிவான பல திட்டங்களில் மலையேற்றமே விலக்கப்பட்டிருக்கும்.

6. போர்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள்

காலையில் அலுவலக வாசலில் போர்ட்டர்கள் நிற்பார்கள். 20 டாலர் அளவில் ஒருவர் உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவார். தம்பி நன்றாக நடப்பவன், வேண்டாம் என்றான். இரண்டாவது மணி நேரத்தில் ஒரு சரிவில் அவன் வழுக்கிப் போனபோது பிடித்து நிறுத்தியது என் போர்ட்டர்தான். பை தூக்குவது அவருடைய வேலையில் பாதி. எங்கே கால் வைப்பது என்று காட்டுவதும், கை கொடுத்து மேலே இழுப்பதும்தான் மீதி. பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்கள். இந்தக் காடு இருந்தால் தங்களுக்கு வருமானம் என்று ஆவதும் இப்படித்தான். உங்களுக்குத் தேவையில்லை என்று தோன்றினாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்கவே முடியாதவர்களை நாற்காலி போன்ற தூக்கியில் வைத்து ஆள்கள் மாறி மாறிச் சுமந்து போகும் ஏற்பாடும் இருக்கிறது. சில நூறு டாலர் ஆகும், முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்.

7. உடை

தடித்த முழுநீளக் கால்சட்டை, முழுக்கை சட்டை. கால்சட்டையின் அடியைக் காலுறைக்குள் சொருகிக்கொள்ளுங்கள். படையெறும்புகள் உள்ளே ஏறிவிட்டால் காட்டு நடுவில் துணியை அவிழ்க்க வேண்டி வரும். செந்தட்டி போல் அரிக்கும் செடிகள் வழியெங்கும் இருக்கின்றன. வழுக்கும்போது கை தானாக எதையாவது பிடிக்கும், அதனால் தோட்ட வேலைக்குப் போடும் கையுறை அவசியம். மழைச் சட்டை, கணுக்காலைப் பிடிக்கும் பழகிய ஷூ, இரண்டு லிட்டர் தண்ணீர், மதிய உணவு. புது ஷூவோடு வராதீர்கள். வறண்ட மாதம் என்றாலும் மழை வரும், அது மழைக்காடு.

8. சளி பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

அங்கே போகும்வரை எனக்கு இதன் கனம் தெரியவில்லை. நமக்குச் சாதாரணச் சளியாக இருக்கும் வைரஸ் கொரில்லாவுக்கு உயிர்க்கொல்லியாகலாம். நம் சுவாச நோய்கள் அவற்றுக்குத் தொற்றும், நமக்கிருக்கும் எதிர்ப்பு அவற்றுக்கு இல்லை. இருப்பதே ஆயிரத்துச் சொச்சம். அதனால் இருமல், காய்ச்சல் உள்ளவரைக் காலையிலேயே நிறுத்திவிடுவார்கள். யாரும் கேட்கவில்லை என்றாலும் நீங்களே சொல்லி விலகுவதுதான் நியாயம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து கூட்டத்தில் முகக்கவசம் போடுங்கள், விமானத்திலும் போடுங்கள். புவிண்டிக்கு முன்னால் ஒரு நாள் ஓய்வு வையுங்கள். பெர்மிட்டைப் பயணத்தின் முதல் நாளில் வைக்காமல் மூன்றாம், நான்காம் நாளில் வைத்தால், விமானம் தாமதமானாலும் தாங்கும்.

9. காலையில் என்ன நடக்கும்

ஏழரை மணி வாக்கில் அலுவலகத்தில் பெர்மிட்டையும் அசல் பாஸ்போர்ட்டையும் பார்ப்பார்கள். விதிகளைச் சொல்லி, எட்டெட்டுப் பேராகப் பிரிப்பார்கள். முழங்கால் சரியில்லை, வயதாகிறது என்றால் அப்போதே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அனுப்ப முயற்சி செய்வார்கள்.

தடம் பார்ப்பவர்கள் அதற்கு முன்பே காட்டுக்குள் போயிருப்பார்கள். கொரில்லாக்கள் ஒவ்வொரு இரவும் புதுப் படுக்கை கட்டித் தூங்கும். முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து தேடி, அந்தப் படுக்கையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தடம் பிடிப்பார்கள். சிலருக்கு முக்கால் மணி நேரத்தில் கிடைக்கும், சிலருக்கு ஐந்தாறு மணி நேரம். எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. கூடவே துப்பாக்கியோடு காவலர்கள் வருவார்கள். அது கொரில்லாவுக்காக அல்ல. புவிண்டியில் காட்டு யானைகள் இருக்கின்றன, எதிர்ப்பட்டால் வானத்தில் சுட்டு விரட்டுவதற்காக.

10. அந்த ஒரு மணி நேரம்

கொரில்லா அருகில் வந்ததும் பையையும் கைத்தடியையும் போர்ட்டர்களிடம் விட்டுவிடச் சொல்வார்கள். போர்ட்டர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு நீங்கள் போக வேண்டும். கடிகாரம் ஓடத் தொடங்குவது முதல் கொரில்லாவைப் பார்த்த நிமிடத்திலிருந்து.

பார்ப்பதற்கு முன் வாசனை வந்தது. வேர்வையும் புகையும் கலந்தது போல ஒரு காட்டமான வாடை. அப்புறம் கிளை முறியும் சத்தம். வழிகாட்டி தொண்டையைக் கனைப்பது போல ஒரு சத்தம் எழுப்பினார். ‘நாங்கள்தான், பயமில்லை’ என்று கொரில்லாவுக்குச் சொல்லும் சத்தம் அது. அவையும் தங்களுக்குள் அதைத்தான் சொல்லிக்கொள்கின்றன.

விதிப்படி 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆனால் குட்டிகளுக்கு அந்த விதி தெரியாது. அவை உங்களைத் தேடி வந்தால் தொடாதீர்கள், மெல்ல பின்வாங்குங்கள். குட்டி இருக்கும் இடத்தில் தாயும், சில்வர்பேக் என்று சொல்லும் வெள்ளி முதுகுத் தலைவனும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

அந்தத் தலைவன் 160 கிலோவுக்கு மேல் இருக்கலாம். அது நெஞ்சில் அடித்துக்கொண்டு பாய்வது போல வந்தால் செய்ய வேண்டியது ஒன்றே: ஓடாதீர்கள். எங்கள் கூட்டத்தை நோக்கி ஒரு முறை வந்தது. நான்கைந்து அடி எடுத்து வைத்து, செடிகளைப் பிய்த்தெறிந்துவிட்டு நின்றது. வழிகாட்டி முன்பே சொன்னபடி எல்லோரும் குனிந்து உட்கார்ந்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டோம். பெரும்பாலும் அது எச்சரிக்கைதான். ஓடினால்தான் துரத்தும். நேருக்கு நேர் கண்ணைப் பார்ப்பது அதற்குச் சவால். கையை நீட்டிக் காட்டுவதும், சட்டென்று எழுவதும் வேண்டாம். வழிகாட்டியின் கையைப் பாருங்கள், அவர் காட்டுவதை மட்டும் செய்யுங்கள்.

இருமல் வந்தால் முழங்கைக்குள், திரும்பி நின்று. பக்கத்தில் நின்று எதையும் சாப்பிடாதீர்கள், எச்சில் துப்பாதீர்கள். வழியில் அவசரம் வந்தால் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி வெட்டிக் கொடுப்பார், அப்புறம் மூடிவிட வேண்டும். இதுவும் நோய் பரவாமல் இருக்கத்தான்.

கேமராவின் ஃபிளாஷை விடுதியிலேயே அணைத்துவிடுங்கள். குவியம் தேடும்போது எரியும் சின்ன விளக்கையும் அணையுங்கள். பலரும் மறப்பது அதைத்தான். செல்பேசியின் சத்தத்தையும் நிறுத்துங்கள். காட்டுக்குள் வெளிச்சம் மிகக் குறைவு, கறுப்பு மயிர் வேறு, அதனால் முந்தின நாளே இருட்டான இடத்தில் பழகிப் பாருங்கள். எங்களோடு வந்த ஒரு பெரியவர் முதல் பதினைந்து நிமிடம் கேமராவை எடுக்கவே இல்லை. நானும் அப்படிச் செய்திருக்க வேண்டும். முதல் இருபது நிமிடத்தில் நான் எடுத்த படங்களில் பாதி இலைதான் தெரிகிறது. தாய் ஒன்று குட்டியின் காதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கேமராவைக் கீழே வைத்த பிறகுதான் முழுதாகப் பார்த்தேன்.

நேரம் முடிந்தது என்று வழிகாட்டி சொன்னால் முடிந்ததுதான். இன்னும் ஐந்து நிமிடம் என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

11. திரும்பும் நாள்

காட்டிலிருந்து எத்தனை மணிக்கு வெளியே வருவீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. சிலர் மதியத்துக்குள் வந்துவிடுவார்கள், சிலர் மாலை ஆறு மணிக்கு. அதனால் அன்றிரவும் அதே விடுதியிலேயே தங்குங்கள், கிகாலியிலிருந்து திரும்பும் விமானத்தை மறுநாள் மாலைக்குப் பிறகு வையுங்கள். எண்டெபேயிலிருந்து கிளம்புவதானால் இரண்டு நாள் கழித்து. போர்ட்டருக்கும் வழிகாட்டிக்கும் கொடுக்கும் பணத்தைத் தனித்தனி உறைகளில் காலையிலேயே பிரித்து வைத்துவிடுங்கள். வெளியே வரும்போது கையெல்லாம் சேறாக இருக்கும், பர்ஸைத் திறக்கவும் முடியாது.